துப்பாக்கி 94, குச்சி 100.2: எதை நம்புறது?

பெரம்பூர்_அப்பா:
பொண்ணுக்கு 6 வயசு, ராத்திரியிலேர்ந்து காய்ச்சல். நெத்திக்கு நேரா காட்டுற துப்பாக்கி தெர்மாமீட்டர்ல 94. அக்குள்ல வைக்கிற குச்சியில 100.2. தொட்டா சுடுது. துப்பாக்கி போச்சோன்னு சூடான காபியில பிடிச்சுப் பார்த்தேன். எவர்சில்வர் டம்ளரைக் கையால தொட முடியல, ஆனா அதுக்கு 103தான் காட்டுது. மேலேர்ந்து காபியைக் காட்டினா 148! பேட்டரி புதுசு. குச்சியும் ஒரு கூத்து பண்ணுது: யாருக்கும் வைக்காமலே, ஆன் பண்ணதும் 93. முன்னெல்லாம் 'லோ'ன்னு வருமே?

மயிலை_மாமி:
முதல்ல குச்சியை நம்பி டாக்டர்கிட்ட அழைச்சுண்டு போப்பா. பாதரசம் உடைஞ்சா தரையில உருட்டி விளையாடுவோம், அப்போ இந்தக் குழப்பமே இல்லை.

கிண்டி_மெக்கானிக்:
அது விஷம் மாமி, உருட்டவே கூடாது.
சார், ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. குச்சி நுனியில இருக்கிறது தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதோட மின்தடை குறையும், ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 4 சதவீதம். சிப் அதை அளந்து டிகிரியா மாத்துது. பொதுவா 89.6க்குக் கீழே போனாத்தான் 'லோ'. மே மாச மத்தியானம் உங்க ரூமே 34 செல்சியஸ் இருக்கும், அதாவது 93. குச்சி ரூமுக்குக் காய்ச்சல் பார்த்திருக்கு, அவ்வளவுதான்.
துப்பாக்கி எதையும் தொடாது. எதிர்ல இருக்கிறது விடுற அகச்சிவப்புக் கதிர் உள்ளே தெர்மோபைல் மேல விழுந்து துளி வோல்டேஜ் கிளம்பும், அதை வச்சுத்தான் கணக்கு. தோலும் காபியும் கதிரை நல்லா விடும். பளபளக்கிற எவர்சில்வர் விடாது, சுவத்தோட கதிரைத்தான் திருப்பி அனுப்பும். டம்ளர்ல 103 வந்தது அதனாலதான்.
நீங்க மாட்டினது அந்த 148லதான்! பாடி மோட்ல இருந்தா பெரும்பாலான மாடல்ல 109 பக்கம் போனதுமே 'ஹை'ன்னு வந்திருக்கும். உங்களுது சர்ஃபேஸ் மோட்ல இருக்கு. அதுல தோல் சூடு அப்படியே வரும். பாடி மோட்லதான் உள்சூட்டுக்குத் தக்கபடி கூட்டிக் காட்டும். மாத்திட்டு, வேர்வையைத் துடைச்சு, ஃபேனை நிறுத்தி, பத்து நிமிஷம் கழிச்சுப் பாருங்க.

பெரம்பூர்_அப்பா:
பட்டனைத் தட்டினது பேஷன்ட்டேதான் சார், 'டிஷ்யூம்' விளையாட்டுல. இப்ப நெத்தியில 100.6. சாயந்திரம் டாக்டர்கிட்ட டோக்கன் போட்டாச்சு. ஃபேனை நிறுத்தினதுக்குத்தான் அவளுக்கு என்மேல கோபம்.