மூன்று கஸ்டம் இன்-இயர் மானிட்டர்களுக்கு இடையே முடிவெடுக்க முடியவில்லை: அமர்ந்து இசை கேட்பதற்கு எது பொருந்தும்?

மந்தரம் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். ஏழு ஆண்டுகளாக ரப்பர் முனை வைத்த இன்-இயர்களில்தான் (காதுத் துளைக்குள் செருகும் இயர்போன்கள்) இசை கேட்டு வருகிறேன். என் வலது காதுத் துளை இடதைவிடக் குறுகலானது. எந்த அளவு முனையைப் போட்டாலும் அரை மணி நேரத்துக்குள் வலப்பக்கம் மெல்ல நழுவிவிடும். நழுவிய அக்கணமே அந்தப் பக்கத்து பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, கரைந்துபோகும். இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டவே, காது அச்சு எடுத்து என் காதுக்கென்றே வார்க்கப்படும் கஸ்டம் இன்-இயர் ஒன்றை வாங்கத் தீர்மானித்திருக்கிறேன்.

பல மாதங்கள் படித்தும் கேட்டும் மூன்றில் வந்து நிற்கிறேன்: அல்டிமேட் இயர்ஸின் ரெஃபரன்ஸ் ரீமாஸ்டர்டு, 64 ஆடியோவின் ஏ12டி, ஜேஹெச் ஆடியோவின் ராக்ஸான். முதலாவதில் ஒரு காதுக்கு மூன்று டிரைவர்கள், அதாவது ஒலியெழுப்பும் சிறு உறுப்புகள். மற்ற இரண்டிலும் பன்னிரண்டு. நான் மேடையில் பாடுபவனோ வாசிப்பவனோ அல்லன். இரவில் ஓரிடத்தில் அமர்ந்து இரண்டு மணி நேரம் கேட்பவன். தனிக்குரல், பியானோ, வயலினும் மிருதங்கமும் சேர்ந்த கச்சேரிப் பதிவுகள், சிறிய ஜாஸ் குழுக்கள் ஆகியவையே பெரும்பாலும் நான் கேட்பவை.

பன்னிரண்டு டிரைவர்கள் இருப்பதால் இசை கேட்பவனுக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்பது என் முதல் ஐயம். ஏ12டியின் யுனிவர்சல் வடிவமான (யார் காதுக்கும் பொதுவான, ரப்பர் முனை வைத்த) யு12டியை ஒரு மணி நேரம் கேட்டபோது, பாடகியின் 'ஸ', 'ச' ஒலிகள் சற்றுக் கூர்மையாகக் குத்தின. கஸ்டத்திலும் அப்படியே இருக்குமா என்பது இரண்டாவது. மூன்றாவதாக, என் பழைய மேசை ஆம்ப்ளிஃபயரின் ஹெட்போன் துளைக்கு அவுட்புட் இம்பீடன்ஸ் (அதன் உள் மின்தடை) 10 ஓம் என்று கையேடு சொல்கிறது. இது தடையாக இருக்குமா? பயன்படுத்தியவர்கள் விளக்கமாகச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பஞ்சமம் எழுதுகிறார்:

வணக்கம் நண்பரே. ரெஃபரன்ஸ் ரீமாஸ்டர்டும் ஏ12டியும் என்னிடம் கஸ்டமாகவே உள்ளன. ராக்ஸானை யுனிவர்சல் மாதிரியில் மட்டும் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆகவே முதலிரண்டைப் பற்றி உறுதியாகவும், மூன்றாவதைப் பற்றிச் சற்று அடக்கமாகவும் எழுதுகிறேன்.

டிரைவர் எண்ணிக்கையைத் தரத்தின் அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். இத்தகைய இன்-இயர்களில் வைக்கும் பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்னும் வகை டிரைவர் மிகச் சிறியது. ஒரே டிரைவரைக் கொண்டு ஆழ்ந்த பேஸையும் உச்ச ட்ரெபிளையும் (உயர்ந்த ஒலி) உரத்த அளவில் எழுப்பினால் ஒலி திரியத் தொடங்கும். வேலையைப் பலவற்றுக்குப் பங்கிட்டால் திரிபு குறையும், உரப்பும் கூடும். டிரம்ஸுக்கு அருகில் நின்று வாசிப்பவருக்கு இது இன்றியமையாதது. அமைதியான அறையில் மிதமான ஒலியளவில் கேட்பவருக்கு இந்த ஆதாயம் பெரிதாகப் புலப்படாது. அதே சமயம், எண்ணிக்கை கூடக்கூட அத்தனை டிரைவர்களின் ஒலியும் ஒரே நேரத்தில் செவிப்பறையை எட்டும்படி, ஒலியை டிரைவர்களுக்குப் பங்கிடும் சுற்றான கிராஸ்ஓவரையும் ஒலிக்குழாய்களின் நீளத்தையும் ஒழுங்குபடுத்தியாக வேண்டும். ஜேஹெச் ஆடியோ இதற்கெனவே ஃப்ரீக்ஃபேஸ் என்னும் முறையை வைத்திருக்கிறது. ஒரு மில்லி விநாடியில் நூறில் ஒரு பங்குக்குள் எல்லா ஒலியும் வந்து சேரும் என்பது அவர்கள் கூற்று. மூன்று டிரைவர்களை மட்டும் வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே சிறியதாகிவிடுகிறது.

உங்கள் பட்டியலில் இரண்டு ஒரே வேரிலிருந்து வந்தவை. ஜெர்ரி ஹார்வி, டிரம்ஸ் கலைஞர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகச் செய்த இன்-இயரிலிருந்துதான் 1995இல் அல்டிமேட் இயர்ஸ் பிறந்தது. அவரே பின்னர் 2007இல் ஜேஹெச் ஆடியோவைத் தொடங்கினார். ஆனால் 2015இல் வெளிவந்த ரெஃபரன்ஸ் ரீமாஸ்டர்டு மேடையை நோக்கிச் செய்யப்பட்டதன்று. அது கேபிடல் ஸ்டூடியோஸின் ஒலிப்பொறியாளர்களோடு சேர்ந்து, பதிவுகளைக் கலந்து சீர்செய்பவர்களுக்காக உருவாக்கப்பட்டது. அதன் குணமும் அதுவே. பியானோவின் இடக்கைச் சுரங்களும் வலக்கைச் சுரங்களும் ஒரே எடையில் நிற்கும். பாடகி மூச்சிழுப்பதும், மைக்கை விட்டு முகத்தைத் திருப்புவதும் தெரியும். மோசமாகப் பதிவான இசையை அது காப்பாற்றாது. என்னிடமுள்ள பழைய கச்சேரிப் பதிவுகளில் பாதியை அதில் கேட்க எனக்கு மனம் வருவதில்லை.

ஏ12டி வேறு வகை. அதன் ட்ரெபிள் டிரைவரான டியா, குழாய் வழியாகப் பேசாமல், திறந்த முகத்தோடு நேரே காதை நோக்கி ஒலிக்கிறது. ஜால்ராவின் ஓசை ஓய்ந்த பிறகும் அதன் கார்வை காற்றில் நீண்டு தேய்வதை நான் முதன்முதலில் இன்-இயரில் கேட்டது இதில்தான். இன்னொரு சிறப்பு, இன்-இயர் கூட்டின் வெளிப்பக்கத்தில் பொருத்தப்படும் ஏபெக்ஸ் என்னும் சிறு மாட்யூல். காதை முற்றிலும் அடைக்கும்போது உள்ளே சேரும் காற்றழுத்தத்தை அது வெளிவிடுகிறது. எம்20 என்பது ஏறக்குறைய 20 டெசிபெல் வெளி ஓசையைத் தடுக்கும்; எம்15 என்பது 15. எம்20இல் மிருதங்கத்தின் தொப்பி நெஞ்சில் படுவதுபோல் கனமாக விழும். எம்15க்கு மாற்றினால் அந்தக் கனம் இளைத்து, குரல் ஓரடி முன்னே வரும். இரண்டு மணி நேரம் தொடர்ந்து கேட்பவருக்கு இந்த அழுத்தக் குறைவு சிறிய செய்தியன்று. இரவு முழுவதும் போட்டிருந்தும் என் காது களைத்ததில்லை.

ராக்ஸானில் கேபிளிலேயே இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனி பேஸ் திருகு உண்டு. கூட்டினால் மேடைக் கச்சேரியின் திண்மை வரும். முற்றிலும் குறைத்தாலும் அதன் இயல்பான அடர்த்தி போவதில்லை. ராக் இசையை அதிகம் கேட்பவராக இருந்தால் தயங்காமல் இதைச் சொல்லியிருப்பேன். நீங்கள் சொன்ன இசைக்கு ஏ12டி என்பதே என் கருத்து. பதிவின் உண்மையை அப்படியே கேட்க விரும்பினால் மட்டும் ரெஃபரன்ஸ் ரீமாஸ்டர்டு.

ஒப்பிடும்போது ஒன்றை மறவாதீர்கள். ஒரு டெசிபெல் உரத்து ஒலிப்பதைக் காது 'தெளிவானது' என்றே எடுத்துக்கொள்ளும். ஒரே சோதனை ஒலியை ஓட்டி, இரண்டின் உரப்பையும் சமமாக்கிய பிறகே தீர்ப்பு சொல்லுங்கள்.

மின்னோட்டம் எழுதுகிறார்:

ஆம்ப்ளிஃபயர் பற்றிய கேள்விக்கு மட்டும் விடையளிக்கிறேன், ஏனெனில் பலர் இதைக் கவனியாமல் நல்ல இன்-இயரைக் குறைசொல்லிவிடுகிறார்கள்.

பல பேலன்ஸ்டு ஆர்மேச்சர்கள் கொண்ட இன்-இயரின் இம்பீடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருப்பதில்லை. எடுத்துக்காட்டாக, ஓர் இன்-இயர் ஓரிடத்தில் 40 ஓமும் மற்றோரிடத்தில் 8 ஓமும் காட்டுகிறது என்று கொள்வோம். உங்கள் 10 ஓம் துளையில் செருகினால், 40 ஓம் உள்ள இடத்தில் மின்னழுத்தத்தின் ஐந்தில் நான்கு பங்கு இன்-இயரைச் சேரும், அதாவது ஏறக்குறைய 2 டெசிபெல் இழப்பு. 8 ஓம் உள்ள இடத்தில் பாதிக்கும் குறைவாகவே சேரும், இழப்பு 7 டெசிபெல். வடிவமைத்தவர் நினையாத 5 டெசிபெல் மேடுபள்ளம் ஒன்று உங்கள் இசையில் ஏறிவிடுகிறது. அதே இன்-இயரை 1 ஓம் துளையில் செருகினால் இந்த வேறுபாடு 1 டெசிபெலுக்கும் கீழே வந்துவிடும். இன்-இயரின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் துளையின் இம்பீடன்ஸ் இருக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

ஏ12டியில் இம்பீடன்ஸைச் சமமாக வைத்திருக்கும் எல்ஐடி என்னும் சுற்று உள்ளதால், எந்தக் கருவியில் செருகினாலும் அதன் குணம் பெரிதாக மாறாது. உரப்பு மட்டும் குறையும். மற்ற இரண்டில் ஒன்றை வாங்குவதானால் அந்த ஆம்ப்ளிஃபயரை ஒதுக்கிவிட்டு, 1 ஓமுக்குக் குறைந்த அவுட்புட் இம்பீடன்ஸ் உள்ள சிறிய டாங்கிளைப் (கைபேசியிலோ கணினியிலோ செருகும் சிறு ஒலிக்கருவி) பயன்படுத்துங்கள். இவ்வளவு உணர்திறன் மிக்க இன்-இயர்களுக்கு அதன் ஆற்றலே போதும். மேசை ஆம்ப்ளிஃபயரில் பாட்டில்லாத இடத்தில் கேட்கும் 'ஸ்ஸ்' இரைச்சலும் இராது.

வார்ப்பு எழுதுகிறார்:

பஞ்சமம் அவர்களின் வருணனையோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆயினும் எந்த நிறுவனம் என்பதைவிட எந்த அச்சு என்பதே கஸ்டத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது என்பதை அனுபவித்து அறிந்தவன் நான்.

என் முதல் கஸ்டத்துக்கு அச்சு எடுத்தவர், பஞ்சுத் தடுப்பைக் காதுத் துளையின் முதல் வளைவிலேயே நிறுத்திவிட்டார். வந்த அச்சு குட்டையாக, முனை மழுங்கி இருந்தது. எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது, அப்படியே அனுப்பினேன். செய்து வந்த இன்-இயரில் வாயை மூடியிருந்தால் பேஸ் இருக்கும், புன்னகைத்தால் போய்விடும். பெயர் சொல்ல விரும்பாத அந்த நிறுவனம் இருமுறை கூட்டைத் திருத்தித் தந்தும் சரியாகவில்லை, ஏனெனில் அச்சிலேயே இல்லாத ஆழத்தை யாராலும் கூட்டில் வரவழைக்க முடியாது. மூன்று மாதம் கழித்து வேறு செவியியல் நிபுணரிடம் புதிய அச்சு எடுத்த பிறகே அது பொருந்தியது.

நல்ல அச்சு எடுப்பவர் முதலில் ஒளியடித்துப் பார்த்து, அழுக்கு இருந்தால் எடுத்துவிட்டுத்தான் தொடங்குவார். நூல் கட்டிய தடுப்பை இரண்டாவது வளைவுக்கு அப்பால் தள்ளுவார். அது போகும்போது தொண்டையில் ஒரு கூச்சம் வரும், சிலருக்கு இருமலும் வரும். பிறகு சிலிக்கோன் குளிர்ச்சியாக உள்ளே நிறைய, வெளி ஓசைகள் ஒவ்வொன்றாக அடங்கும். பற்களுக்கு நடுவே கட்டை வைத்துக்கொண்டு சில நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். தாடை திறக்கும்போது துளை விரிவதால், அந்த நிலையில் அச்சு எடுத்தால்தான் பேசும்போதும் பாடும்போதும் அடைப்பு விலகாது. வெளியே எடுத்ததும் நீங்களே கையில் வாங்கிப் பாருங்கள். இரண்டு வளைவுகளும் தெளிவாகத் தெரிய வேண்டும். குமிழியோ மடிப்போ இருந்தால் அங்கேயே மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

'ஸ' குத்துவது பற்றிய கேள்விக்கும் விடை இந்த ஆழத்தில்தான் இருக்கிறது. இன்-இயரின் முனைக்கும் செவிப்பறைக்கும் இடையில் அடைபட்ட காற்று தனக்கென ஓர் அதிர்வெண்ணில் முழங்கும். இடைவெளி 20 மில்லிமீட்டர் என்றால் அந்த முழக்கம் ஏறக்குறைய 8.7 கிலோஹெர்ட்ஸில் விழும். 'ஸ' ஒலியின் வலுவும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. இடைவெளி 15 மில்லிமீட்டராகச் சுருங்கினால் முழக்கம் 11.6 கிலோஹெர்ட்ஸுக்கு ஏறி, குரலை விட்டு விலகிவிடும். ரப்பர் முனை ஆழமாக இறங்காத உங்கள் குறுகிய வலது காதில் அந்தக் குத்தல் கூடுதலாகக் கேட்டதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். வலைத்தளங்களில் காணும் அளவீட்டு வரைபடங்களிலும் இந்த 8 கிலோஹெர்ட்ஸ் மேடு பெரும்பாலும் அளக்கும் கருவியில் எவ்வளவு ஆழம் செருகினார்கள் என்பதைப் பொறுத்தது. ஒருவர் காதுக்கு வார்த்த கூட்டைக் களிமண் போன்ற பசை வைத்து அடைத்துத்தான் அதில் அளக்கிறார்கள். அந்தப் பகுதியை மட்டும் நம்பி எதையும் ஒதுக்காதீர்கள்.

மந்தரம் எழுதுகிறார்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு யு12டியை நண்பரிடம் மீண்டும் வாங்கி, ஒரு காதை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டேன். வார்ப்பு அவர்கள் சொன்னதே சரி. குத்தல் வலது காதில்தான். முனையை விரலால் சற்று உள்ளே அழுத்தியதும் அது மென்மையானது. ஏ12டி என்றே முடிவு செய்துவிட்டேன். அச்சு எடுக்க அடுத்த வாரம் நேரம் குறித்திருக்கிறேன். இன்-இயர் கைக்கு வந்ததும் பொருத்தம் சரியா என்று வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது?

வார்ப்பு எழுதுகிறார்:

40 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றைத் தாழ்ந்த அளவில் ஓடவிட்டு, வாயை அகலத் திறந்து மூடுங்கள், தலையை இருபுறமும் திருப்புங்கள், பிறகு எதையேனும் மெல்லுவதுபோல் தாடையை அசையுங்கள். ஒலி ஒரு பக்கம் மட்டும் மெலிந்தால் அந்தப் பக்கம் கசிகிறது. முதல் சில நாட்கள் காது பழகுவதற்காகச் சிறிது இறுக்கம் இருக்கலாம்; ஒரே புள்ளியில் வலி நின்றால் அது பழக்கத்தால் போகாது. அந்த இடத்தைக் கூட்டின் மேல் பேனாவால் குறித்துப் படமெடுத்து நிறுவனத்துக்கு அனுப்புங்கள். கூட்டைத் திருத்திக் கேட்பதற்கான காலக்கெடுவை ஆர்டர் செய்யும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். இந்தச் சோதனையை எம்20 மாட்யூலைப் போட்டு, வந்த அன்றே செய்யுங்கள்.