மறு: கடவுச்சொல் கேட்கும் பெட்டிக்கு என்ன சொல்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 18 மடல் ஆகியும் சொல் அமையவில்லை.

> "இடைவினா" போதும். இடையில் புகுந்து வினவுவது.

ஐயா, அழகான சொல். ஆனால் நன்னூலின் அறுவகை வினாவில் இது கொளல்வினா. கணினி நம்மிடம் கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ளத்தான் நிற்கிறது. தொல்காப்பியர் ஈ, தா, கொடு மூன்றையும் இரவின் கிளவி, அதாவது இரந்து கேட்கும் சொல், என்றார். இழிந்தோன் 'ஈ' என்பான், ஒப்போன் 'தா' என்பான், உயர்ந்தோன் 'கொடு' என்பான். நம் பெட்டி "உள்ளிடவும்" என்கிறதே, அது யார் கூற்று? இரண்டு நாளாக இதே யோசனை. சரி, அதைத் தனி இழையில் பேசுவோம்.

வகுப்பில் நடப்பது இது. பிள்ளைகளுக்காகத் தானியங்கு உள்நுழைவு வைத்திருக்கிறோம். க்னோம் என்ற லினக்ஸ் திரைச்சூழலில் சேமித்த கடவுச்சொற்களின் சாவிக்கொத்து, உள்நுழையும்போது தட்டும் கடவுச்சொல்லால் திறப்பது. யாரும் எதையும் தட்டாததால் அது பூட்டியே கிடக்கும். குரோமியம் உலாவியைத் திறந்ததும் பெட்டி வந்து மறிக்கிறது. "சார், திரும்பவும் கேக்குது" என்று நாலு பக்கமும் குரல். மென்பொருள் நிறுவும்போது வரும் பெட்டி வேறு; அதை நாமே வரவழைக்கிறோம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், எந்தப் பெட்டி வந்தாலும் பிள்ளைகள் கடவுச்சொல்லைத் தட்டப் பழகிவிடுவார்கள். என் கவலை அதுதான்.

ஆகவே நிறுவும்போது வருவது "அனுமதிக் கேட்பு", தானாக வருவது "திறப்புக் கேட்பு" என்கிறேன். வங்கியில் கேட்பு வரைவோலை எடுத்தவர்களுக்குச் சொல் பழகியதுதான்.

> சாவி போர்த்துகீசியம். "திறவுகோல் கோவை" என்க.

அக்கா, மறுக்கவில்லை. ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளை வீட்டைப் பூட்டிவிட்டு வருவது சாவியால்தானே?

———

தம்பி, குறளில் 42ஆம் அதிகாரம் 'கேள்வி' முழுக்கச் செவிக்கு உரியது. கேட்பு என்றால் காதும் சேர்ந்து வரும். இரண்டு பெட்டி என்று நீங்கள் பிரித்தது சரி; அதனாலேயே தானாக வருவதற்கு இடைவினா பொருந்தும்.

———

இரண்டு கேட்புக்கும் என் ஒப்புதல். சாவிக்கொத்து அருகே அடைப்புக்குறிக்குள் திறவுகோல் கோவையையும் போடுங்கள், தம்பி. அந்த அளவாவது இருக்கட்டும்.

———

போடுகிறேன், அக்கா. ஒப்புதல் ஐந்து பேர்; கையேட்டில் கேட்பு போகிறது. ஐயாவின் இடைவினாவைச் சொல்லடைவில் மாற்றுச்சொல்லாகச் சேர்த்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.

———

மறுப்பு உண்டு. நாளை விரிவாக எழுதுகிறேன்.