வெளியே ஆன்டெனா வைக்கத் தடை, எச்எஃப் (சிற்றலை) பேச வழி உண்டா?

புது ஹாம்:
ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) லைசென்ஸ் இருக்கிறது, கால் சைன் (எனக்கான அடையாளக் குறி) இருக்கிறது, ரிக்கும் (ரேடியோ கருவி) வந்துவிட்டது. ஆனால் குடியிருப்பு விதிப்படி வெளியே தெரிகிற மாதிரி ஆன்டெனா கூடாது, மொட்டை மாடிக்கும் பூட்டு. இருப்பது மூன்றாவது மாடியில் ஒரு பால்கனி. 20, 40 மீட்டர் பேண்டுகளில் (அலைநீளத்தால் பெயர் வைத்த அலைவரிசைகள்) ஏதாவது செய்ய முடியுமா?

கம்பிக்காரன்:
தாராளமாக. 20 மீட்டர் நீளத்துக்கு மெல்லிய எனாமல் கம்பி, அதாவது மோட்டார் காயில் சுற்றுகிற கம்பி, பால்கனியிலிருந்து எதிரே ஏதாவது மரத்துக்கு இழுத்துவிட்டால் சில அடி தள்ளி நிற்பவருக்கே தெரியாது. 40 மீட்டர் பேண்டுக்கு அது அரை அலைநீளம், 20 மீட்டர் பேண்டிலும் வேலை செய்யும். ஒரு முனையில் ஃபீட் செய்வதால் (எண்ட் ஃபெட்) இம்பீடன்ஸ், அதாவது மின்மறுப்பு, சில ஆயிரம் ஓம் வரும், ரிக்குக்குப் பொருந்த 49:1 டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். இருட்டியதும் கட்டி விடியுமுன் சுருட்டுகிறவர்களும் உண்டு. மின்கம்பி பக்கத்தில் போனால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

லூப் பைத்தியம்:
மரம் இல்லாவிட்டால் மேக்னடிக் லூப், அதாவது வளைய ஆன்டெனா. ஒரு மீட்டர் விட்டத்தில் செப்புக் குழாய், பால்கனிக்குள்ளேயே நிற்கும், 20 மீட்டரில் நன்றாகவே போகும், 40இல் சுமார்தான். பேண்ட்வித் (ஒரே டியூனில் வேலை செய்யும் அகலம்) ரொம்பக் குறுகல், அதிர்வெண் கொஞ்சம் நகர்ந்தாலும் மறுபடி டியூன் செய்ய வேண்டும். 10 வாட்டிலேயே டியூன் செய்யும் கெப்பாசிட்டரில் ஆயிரம் வோல்ட் வரும், கை வைக்காதீர்கள், அனுப்பும்போது பக்கத்திலும் உட்காராதீர்கள்.

ஐந்து வாட்:
கம்பியை மறைப்பதில்தான் எல்லாரும் மெனக்கெடுகிறோம், மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பக்கத்து வீட்டு ஸ்பீக்கர் கரகரத்துத்தான். எண்ட் ஃபெட்டில் கோஆக்ஸின் (ரிக்கிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கேபிள்) வெளியுறையும் ஆன்டெனாவாகிவிடும், அதனால் அதைத் தடுக்கும் ஃபெரைட் சோக் கட்டாயம். 100 வாட்டும் வேண்டாம். 5 வாட்டில் எஃப்டி8 (கணினி வழியாகச் சிறு செய்தி அனுப்பும் முறை) போதும், சிக்னல் 50 ஹெர்ட்ஸ் அகலம்தான், 14.074 மெகாஹெர்ட்ஸில் கேட்டுப் பாருங்கள். இன்னொரு லாபம், ராத்திரி சுவர் அதிர "சிக்யூ சிக்யூ" (யாராவது பதில் சொல்லுங்கள்) என்று கத்த வேண்டியதில்லை. கால் சைனை மட்டும் ஒளிக்காதீர்கள், அது சட்டம்.

புது ஹாம்:
சரி, பால்கனி இரும்புக் கம்பியையே ஆன்டெனாவாக டியூனரில் (ஆன்டெனாவை ரிக்கோடு பொருத்தும் கருவி) மாட்டினால்?

கம்பிக்காரன்:
மாட்டுகிறார்கள். ஆனால் துருப்பிடித்த இணைப்பு டயோடு மாதிரி நடந்துகொண்டு ஹார்மோனிக்ஸ் (மடங்கு அதிர்வெண்களில் வேண்டாத சிக்னல்) கிளப்பும், தவிர அனுப்பும்போது யாராவது அதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். நான் செய்யமாட்டேன்.