விட்பி 199 படியும் பெட்டி இறக்கிற வாங்கும்

எல்லாரும் படி ஏறின கதை எழுதுறீங்கள், நானும் ஒண்டு சொல்லுறன். இங்கிலாந்தில மகளிட்ட லீட்ஸுக்குப் போய் நிண்ட நேரம் மருமகன் ஒருநாள் விட்பி எண்ட கடற்கரை டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். நான் முல்லைத்தீவு முத்தையன்கட்டு ஆள், எங்கட பக்கம் படி எண்டா குளக்கட்டால தண்ணிக்கு இறங்குற படிதான். அங்க சேர்ச் ஸ்ட்ரீட் முடியிற இடத்தில துவங்கி மேல மலையில சென்ற் மேரிஸ் தேவாலயம் மட்டும் 199 படி. முந்தி மரப்படியாம், 1774இல தான் கல்லுப் போட்டவை.

அரைவாசியில முழங்கால் விட்டுட்டுது. இடையில அகலமான தட்டும் வாங்கும் (பெஞ்ச்) இருந்திச்சு, குந்தீட்டன். பக்கத்தில இருந்த வெள்ளைக்கார அம்மா வாங்கைத் தட்டித் தட்டி என்னவோ சொன்னா, பேத்திதான் விளங்கப்படுத்தினவள்: "அம்மம்மா, பிரேதப் பெட்டி தூக்கிக்கொண்டு போறவை இறக்கி வச்சு ஆறுறதுக்குத்தானாம் இதைக் கட்டினது." சேமக்காலை மேல கோயிலடியில தானே, அந்தக் காலத்தில கீழ ஊரில செத்த ஆக்களை இந்தப் படியால தோளில கொண்டு போறவையாம்.

எனக்கு வாங்கில வச்ச கை எடுக்கேலாமப் போச்சு. எங்கட பக்கமும் பழைய றோட்டுக்கரையில சுமைதாங்கி இருக்கு, அது தலைச்சுமைக்கு. 2009 பங்குனியில, கடைசி யுத்த நேரம், முல்லைத்தீவு மாத்தளனில எங்கட ஐயா செல் பட்டுச் செத்தவர், தூக்க நாலு பேர் இல்ல, நானும் தம்பியும் சாரத்தில கிடத்தி இழுத்துக்கொண்டு போய் பங்கருக்குப் பக்கத்து மணலிலயே தாட்டம், வாய்க்கரிசியும் இல்ல பறையும் இல்ல, அடுத்த செல் வரமுன்னம் ஓடி வந்து உள்ளுக்க இறங்கீட்டம். இங்க நாலு பேர் தூக்கி, இறக்கி வச்சு, மூச்சு வாங்கி, திரும்பத் தூக்கியிருக்கினம். அதுக்கெண்டு ஒரு வாங்கும் கட்டியிருக்கினம். அழுகை நிக்கேல்ல. அந்த அம்மா ஒண்டும் கேக்கேல்ல, பையுக்க இருந்து ரிசு பேப்பர் எடுத்துத் தந்திட்டுப் பக்கத்திலயே இருந்தா.

மேல இடிஞ்ச கிறிஸ்தவத் துறவி மடம் ஒண்டு நிக்குது, 657இல அந்த இடத்தில துவங்கினதாம். 1914 மார்கழியில ஜேர்மன் கப்பல் அடிச்ச செல்லும் அதில விழுந்ததாம். இஞ்சயுமோ எண்டு மருமகனிட்டத் திரும்பத் திரும்பக் கேட்டன்.

போறவை மழை நேரம் ஏறாதேங்கோ, கல்லு வழுக்கும், கம்பியப் பிடிச்சுக்கொண்டு போங்கோ. முழங்கால் நோ இருக்கிற ஆக்கள் அந்த வாங்கில கொஞ்சம் இருந்திட்டுப் போங்கோ.