ரோடியோ வெஸ்ட், ஹெல்மெட், கயிறு: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கேட்டி கார்த்தி:
காளை, குதிரைச் சவாரிப் போட்டிகள் நடக்கிற ஹூஸ்டன் ரோடியோவுக்குப் பிள்ளைகளோடு போனவர்களுக்கு மட்டன் பஸ்டிங் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து, ஆறு வயது, எடை 55 பவுண்டுக்குள், செம்மறி ஆட்டின் முதுகில் குப்புறப் படுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். என் பெண் அழுது அடம்பிடித்துப் பெயர் கொடுக்க வைத்தாள். கம்பிக்கூடு வைத்த ஹெல்மெட், மார்புக்கு வெஸ்ட், இரண்டும் அங்கேயே தருகிறார்கள். முந்தின பையனிடமிருந்து கழற்றி அப்படியே இவளுக்கு மாட்டினார்கள். வேலியை ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தார்கள், ஆடு பாய்ந்தது, இவள் பக்கவாட்டில் சரிந்தாள், ஆட்டின் பின்னங்கால் நேராக முகத்தில். கம்பியில் குளம்பு பட்டு 'டங்' என்று ஒரு சத்தம். பிள்ளை எழுந்து கையை ஆட்டிவிட்டு ஐஸ்கிரீம் கேட்டாள், எனக்குத்தான் இன்னும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது. அன்றைக்கு ராத்திரியே காளைச் சவாரி. பாதிப் பேர் ஹெல்மெட், மீதிப் பேர் வெறும் தொப்பி! ஆட்டில் ஏறுகிறவளுக்குக் கட்டாயம், 700 கிலோ காளையில் ஏறுகிறவனுக்கு இஷ்டமா? இது என்ன நியாயம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டென்வர் வாசு:
கார்த்தி, முழுக்க இஷ்டம் இல்லை. பிபிஆர் என்ற தொழில்முறைக் காளைச் சவாரி அமைப்பின் போட்டிகளில் 1994 அக்டோபர் 15 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவன் என்றால் ஹெல்மெட் கட்டாயம். 2013-இல் வந்த விதி. அதற்கு முன்னால் பிறந்தவர்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். வெஸ்ட் எல்லோருக்கும் கட்டாயம். நீங்கள் பார்த்தது வேறு அமைப்பின் போட்டியாக இருக்கும், அல்லது தொப்பிக்காரர்கள் வயதில் மூத்தவர்களாக இருப்பார்கள்.

ஃபோர்ட்வொர்த் ராஜா:
ஹெல்மெட்டையும் வெஸ்ட்டையும் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். காளையின் உடம்பைச் சுற்றி வருகிற, சவாரிக்காரன் ஒரு கையால் பிடித்துக்கொள்கிற கயிற்றை யாரும் பார்ப்பதில்லை. இங்கே ஸ்டாக்யார்ட்ஸில் கவ்டவுன் கொலிசியம் இருக்கிறது, வாரக் கடைசியில் ரோடியோ உண்டு, ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிக்கொண்டு போய்விடுவேன். ஒரு தடவை மச்சானோடு போயிருந்தபோது ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது, காளை சுற்றிய சுற்றில் விழுந்தான், கை மட்டும் கயிற்றிலேயே மாட்டிக்கொண்டது. இதைத்தான் ஹங் அப் என்கிறார்கள். காளை சுற்றுகிறது, இவன் அதன் விலாவில் துணி மாதிரி அடிபடுகிறான், கால் தரையைத் தொட்டும் தொடாமலும். கூட்டத்தில் சத்தமே இல்லை. விழுந்தவனைக் காப்பாற்றவே களத்தில் நிற்கிற புல்ஃபைட்டர் ஒருவர் காளையின் தலைப்பக்கம் போய் அதன் கவனத்தை இழுத்தார், இன்னொருவர் அந்தப் பையனின் மேலேயே தாவி ஏறிக் கயிற்றின் வாலைப் பிடித்து உருவினார். கை விடுபட்டதுதான் தாமதம், கயிறு தானாகக் கழன்று கீழே விழுந்தது, அடியில் கட்டியிருந்த மணியோடு. மணி எதற்கு என்று மச்சான் கேட்டான், காளைக்கு வெறியேற்றவா என்று. ஒலிக்காக இல்லை, பாரத்துக்காகத்தான். கயிற்றைக் காளையின் மேல் முடிச்சுப் போட்டுக் கட்டுவதில்லை, சுற்றி வந்து இவன் உள்ளங்கையில் ஒரு சுற்று சுற்றி இறுகப் பிடித்திருக்கிறான், அவ்வளவுதான். கையை விட்டால் மணியின் கனம் இழுத்துக் கயிற்றைக் கழற்றிவிடும். அந்தப் பையன் எழுந்து நடந்து போனான். ஆனால் கையுறைக்குள் விரல்கள் எப்படி இருந்திருக்கும் என்று இன்னும் யோசிக்கிறேன்.

கோயம்புத்தூர் செல்வா:
நம்ம ஊர் ஜல்லிக்கட்டில் வெஸ்ட்டும் கிடையாது, ஹெல்மெட்டும் கிடையாது. டிரவுசரும் பனியனும்தான். வீரம் என்றால் அது.

டென்வர் வாசு:
செல்வா, ஆரம்பிக்காதீர்கள். அங்கே திமிலைப் பிடித்து ஓடுகிறார்கள், இங்கே முதுகில் விழாமல் 8 விநாடி உட்கார்ந்தால்தான் புள்ளி. ஆபத்து வேறு, கவசமும் வேறு. அலங்காநல்லூரில் குத்துப்பட்டவனைத் தூக்கிக்கொண்டு ஓடியதை நானும் பார்த்திருக்கிறேன், ஒரு வெஸ்ட் இருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுதான் அன்றைக்கும் தோன்றியது. இழை ரோடியோ பற்றியது.

மினியாபொலிஸ் கலா:
நாங்கள் யெல்லோஸ்டோன் போகிற வழியில் ஷையானில் இறங்கினோம், வயோமிங். மைதானத்துக்கு வெளியே லேன் ஃப்ராஸ்ட் என்ற காளைச் சவாரிக்காரரின் சிலை இருக்கிறது. எங்களுக்கு யாரென்றே தெரியாது, என் கணவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஒரு தாத்தா தானாகவே பேச ஆரம்பித்துவிட்டார். 1989 ஜூலை 30, அன்றைக்குப் பார்வையாளர் வரிசையில் தானும் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். அந்தப் பையன் 8 விநாடியை முடித்துவிட்டானாம், 85 புள்ளியும் வாங்கிவிட்டானாம், இறங்கின பிறகுதான் காளை திரும்பி வந்து முதுகில் கொம்பை வைத்து அழுத்தியது. குத்திக் கிழிக்கவில்லை. உள்ளே விலா உடைந்து ரத்தக்குழாய் அறுந்துபோனது. எழுந்து நின்றான், உதவிக்குக் கையைக் காட்டினான், விழுந்தான், இறந்துபோனான். வயது 25. இதைச் சொல்லும்போது தாத்தா தன் முதுகில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார், இங்கே என்று. எனக்கு மறக்காதது அந்தக் கைதான்.

வெஸ்ட்டே அதற்கப்புறம் வந்ததுதான். அவனுடைய நண்பர் கோடி லாம்பர்ட், அவரும் சவாரிக்காரர், குதிரைப் பந்தய ஜாக்கிகள் போடுவதைப் பார்த்துக் காளைக்கு ஏற்றபடி மாற்றிச் செய்தார். இன்றைக்குப் போட்டியில் பார்க்கிற ஒவ்வொரு வெஸ்ட்டுக்கும் ஆரம்பம் அதுதான்.

ஆஸ்டின் முரளி:
கலா அக்கா சொன்னது சரி, ஆனால் வெஸ்ட் போட்டால் பிழைத்துவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2019 ஜனவரியில் டென்வரில் மேசன் லோ இறந்தார், அவரும் 25 வயது, வெஸ்ட் போட்டிருந்தார், காளை நெஞ்சில் மிதித்தது. வெஸ்ட் அடியைப் பரப்பிவிடும், அவ்வளவுதான், முழு எடையோடு வருகிற குளம்பை நிறுத்தாது.

நான் பார்த்தது சின்ன விஷயம். உள்ளூர் ரோடியோ ஒன்றில் ஒரு பள்ளிப் பையன் தோள்பட்டை வாரை மாட்டாமலே ஏறினான், விழுந்தபோது வெஸ்ட் கழுத்து வரை ஏறிக்கொண்டது. அவ்வளவுதான்.

ஆனால் பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டி அனுப்பாதீர்கள். காளைச் சவாரிக்கென்றே முகக்கூட்டோடு சேர்த்துத் தனித் தரம் இருக்கிறது, ஏஎஸ்டிஎம் எஃப்2530, உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். குதிரைக்கானது வேறு. ஒரு பலத்த அடி வாங்கின ஹெல்மெட்டை மறுபடி போடக்கூடாது, வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே நுரை அமுங்கியிருக்கும். ஆன்லைனில் பழையது மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பல் கவசம் கட்டாயம், பத்து டாலர் சமாசாரம், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். வெஸ்ட் இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் வேண்டாம், காளையில் ஒரு கை எப்போதும் மேலேதான் இருக்கும். வளர்வான் என்று ஒரு அளவு பெரிதாக வாங்குகிற நம் பழக்கம் தீபாவளிச் சட்டைக்குச் சரி. முதலில் நல்ல பயிற்சியாளர் இருக்கிறாரா பாருங்கள், விழுவதை எப்படிக் கற்றுக்கொடுக்கிறார் என்று கேளுங்கள்.

கேட்டி கார்த்தி:
முரளி, என் பெண் காளை ஏறப் போவதில்லை. ஆட்டோடு முடிந்தது.

ஃபோர்ட்வொர்த் ராஜா:
தொப்பிக்காரர்களைத் திட்டுவதற்கு முன் அவர்கள் பக்கத்தையும் கேளுங்கள். ஹெல்மெட் கனம், தலை ஆடுகிற ஆட்டத்தில் கழுத்தை இழுக்கிறது, காளையின் தோள் கண்ணுக்குத் தெரிவதில்லை என்கிறார்கள். ஜே.பி. மூனி கடைசி வரை தொப்பிதான், 2013-லும் 2015-லும் உலக சாம்பியன். 2023 செப்டம்பரில் ஐடஹோவில் கழுத்து முறிந்தது, சவாரி அதோடு முடிந்தது.

டென்வர் வாசு:
ராஜா, கழுத்துக்கு ஹெல்மெட் பொறுப்பில்லைதான். முகத்துக்கு? 1995-இல் போடேஷியஸ் என்ற காளை டஃப் ஹெட்மனின் முகத்தை நொறுக்கியது. அதே ஆண்டு ஸ்காட் ப்ரீடிங் ஹாக்கி முகமூடி போட்டுக்கொண்டு ஏறினார், அவருக்கும் கண்குழி எலும்பு உடைந்தது, காளைக்கு அதோடு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். உடனே 'பார்த்தாயா, முகமூடியும் உதவவில்லை' என்பீர்கள். முகமூடி இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்பேன். பாரம்பரியம் என்பதுதான் உண்மைக் காரணம், கனம் சாக்கு.

கால்கரி சுதா:
காளையை விட்டுவிட்டு வெறுமுதுகுக் குதிரைச் சவாரியைப் பார்த்திருக்கிறீர்களா? ஜூலையில் எங்கள் ஊர் ரோடியோவான கால்கரி ஸ்டாம்பீட் நடக்கும் நாட்களில் என் அலுவலகத் தோழியின் தம்பி ஏறினான், அவளால்தான் எனக்கு உள்ளே போய் நிற்கக் கிடைத்தது. குதிரை உதைக்கும்போது ஆள் மல்லாக்கப் போய்த் தலை அதன் பிட்டத்தில் இடிக்கும், அதனால் கழுத்துக்குப் பின்னால் தடிமனான சுருள் ஒன்று. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை டேப். கையுறையைக் கைப்பிடிக்குள் திணித்து இறுக்குகிறார்கள், நழுவக்கூடாது என்று, அதனாலேயே வெளியே எடுக்கவும் வராது. சவாரி முடிந்து பிக்அப் ஆள் குதிரையோடு குதிரையாக வந்து அவனை இழுத்து இறக்கினார். வெளியே வந்ததும் அக்காவிடம் கையை நீட்டினான். அவள் கத்தரியை எடுத்து டேப்பை வெட்டிக்கொண்டே, தமிழ் வீடுகளில் கேட்பது போலவே, சாப்பிட்டாயா என்று கேட்டாள். அவன் அவளை யார் என்பது போல ஒரு கணம் பார்த்தான். இரண்டாவது தடவை கேட்ட பிறகுதான் பதில் வந்தது. டேப்பை வெட்டுகிறவள் கை நின்றுவிட்டது.

டை போசபான் பெயர் இங்கே எல்லோருக்கும் தெரியும். பிரிட்டிஷ் கொலம்பியாக்காரர், காளைச் சவாரிக்காரர், 2017 ஜனவரியில் இறந்தார், 25 வயது. பிறகு மூளையைப் பரிசோதித்ததில் சிடிஇ. அடி மேல் அடி விழுந்து வருகிற நோய். ஹெல்மெட் போடுகிறவர்களுக்கும் மூளை உள்ளே குலுங்கத்தான் செய்யும், வாசு சார். நான் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. அடிபட்டவனை அடுத்த நாளே ஏறவிடுவதை நிறுத்தாமல் தொப்பியா ஹெல்மெட்டா என்று எத்தனை நாள் பேசுவது? தோழியின் தம்பி மறுநாளும் ஏறினான்.

டென்வர் வாசு:
மருத்துவர் யாரும் தடுக்கவில்லையா?

கால்கரி சுதா:
அவன் போய்க் காட்டினால்தானே சார். அக்கா கெஞ்சினாள். ஏறாவிட்டால் நுழைவுக் கட்டணம் போச்சு, பரிசுப் பணமும் போச்சு என்றான்.