குவான்ட் துறைக்குத் திருகோணமலையிலிருந்து வழி உண்டா?

சாம்பல்தீவான் கேட்டது:

வணக்கம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் இறுதி ஆண்டு பயில்கிறேன். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்த காலம் தொட்டே நிகழ்தகவில் எனக்கு ஈடுபாடு அதிகம். நிதிச் சந்தை விலைகளையும் இடர்களையும் கணிதத்தால் மதிப்பிடும் ‘குவான்ட்’ வேலையில் சேர விரும்பி, அண்மைக்காலமாக நிதிக் கணிதம் வாசித்து வருகிறேன். ஒப்ஷனுக்கு, அதாவது ஒன்றைக் குறித்த விலையில் பின்னர் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தத்துக்கு, விலை கணிக்கும் பிளாக்–ஷோல்ஸ் சமன்பாட்டை வருவிக்கும் முறையைப் பின்தொடர முடிகிறது. ஆனால் அதை அறிந்தவருக்கு இலங்கையில் யார் சம்பளம் கொடுப்பார் என்பதுதான் விளங்கவில்லை. கொழும்பு வங்கிகளில் இத்தகைய வேலை உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது கணக்கறிக்கை தயாரிக்கும் வேலைக்கே இப்பெயரைச் சூட்டுகிறார்களா? கலாநிதிப் பட்டம் இல்லாதவரை இத்துறை ஏற்குமா? வெளிநாட்டில் முதுகலை படிக்க வீட்டில் வசதி இல்லை என்பதையும் கருத்திற்கொண்டு பதிலளித்தால் நன்றியுடையவனாவேன்.

உவர்மலைக்காரி எழுதியது:

தம்பி, நான் கொழும்பில் ஒரு வங்கியின் இடர் முகாமைத்துவப் பிரிவில் பணியாற்றுகிறேன். நீங்கள் வாசித்த வடிவில் அந்த வேலை இங்கு மிகக் குறைவு. கொழும்புப் பங்குச் சந்தையில் ஒப்ஷன் வணிகம் நடைபெறுவதில்லை. ஆகவே அவற்றுக்கு நாள்தோறும் விலை கணிக்கும் மேசையும், அதாவது பணிப்பிரிவும், இல்லை. ஆனால் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கணக்கீட்டு நியமத்தின்படி, ஒவ்வொரு கடனுக்கும் எதிர்பார்க்கப்படும் இழப்பை வங்கி முன்கூட்டியே மதிப்பிட்டு ஒதுக்கிவைக்க வேண்டும். கடனாளி தவறுவதற்கான நிகழ்தகவு, தவறினால் மீட்கமுடியாமற் போகும் பங்கு, பொருளாதாரம் மோசமானால் இவ்விரண்டும் எவ்வாறு மாறும் என்பவற்றையெல்லாம் மாதிரியமைத்துச் சொல்லவேண்டியவர் எங்களைப் போன்றோரே. பெயர் கவர்ச்சியாக இராது, கணிதம் உண்மையானது.

இன்னொன்று, அரசு கடன் வாங்க வெளியிடும் குறுங்காலத் திறைசேரி உண்டியல்களும் நீண்டகால முறிகளும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது நினைவிருக்கும். 364 நாள் உண்டியலின் விளைவு வீதம் (வாங்குபவருக்குக் கிடைக்கும் ஆண்டு வருவாய்) 8 சதவீதமாக இருந்தால் நூறு ரூபாய் உண்டியலின் விலை 92.59, அது 30 சதவீதமானால் விலை 76.92. அந்த ஆண்டின் தொடக்கமும் பிற்பகுதியும் ஏறத்தாழ இவ்விரு எண்களுக்கு அருகிலேயே இருந்தன. நீண்டகால முறிகளின் நிலை இதைவிடக் கடுமையாக இருந்திருக்கும் என்பதை நீங்களே கணித்துப் பாருங்கள். கடந்த சில ஆண்டுகளின் தரவை வைத்து இடரை அளந்த எந்த மாதிரிக்கும் அப்படியொரு பாய்ச்சல் தென்பட்டிருக்க வாய்ப்பில்லை.

உள்நாட்டில் மேற்படிப்பு விரும்பினால் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் நிதிக் கணித முதுகலையைப் பாருங்கள்.

தேம்ஸ்கரை எழுதியது:

நான் லண்டனில் கணித மாதிரிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். கலாநிதிப் பட்டம் எனக்கும் இல்லை. புதிய விலைமாதிரிகளை உருவாக்கும் மேசைகளில் அது எதிர்பார்க்கப்படலாம். ஆனால் 2008 நெருக்கடிக்குப் பின், குறிப்பாக அமெரிக்க மத்திய வங்கி 2011இல் மாதிரி இடர் (தவறான மாதிரியை நம்புவதால் வரும் ஆபத்து) பற்றிய வழிகாட்டலை வெளியிட்ட பின், பிறர் அமைத்த மாதிரியைக் குறைகாணும் வேலை பெருகியது. அதற்கு முதுகலையும் சந்தேகிக்கும் மனமும் போதும்.

நிதிக் கணிதத்தில் இரண்டு நிகழ்தகவுகள் உள்ளன என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஒன்று, உலகில் என்ன நடக்கக்கூடும் என்பதைத் தரவிலிருந்து மதிப்பிடுவது. உவர்மலைக்காரி அக்கா செய்வது அது. மற்றையது, சந்தை விலைகளோடு முரண்படாமல் ஒரு ஒப்பந்தத்துக்கு விலை சொல்வதற்காக அமைக்கப்படும் இடர்நடுநிலை நிகழ்தகவு. 1973இன் பிளாக்–ஷோல்ஸ் சூத்திரம் அதைச் சார்ந்தது. பாடநெறிகள் இரண்டாவதில் மூழ்கிவிடுகின்றன. வேலைவாய்ப்புகளோ முதலாவதிலேயே அதிகம் என்பது என் கணிப்பு.

இரண்டாவது நமக்குத் தேவையில்லை என்றும் எண்ணவேண்டாம். இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் ஹெட்ஜிங் (விலை மாற்றத்துக்கு எதிரான காப்பு) விவகாரம் இதற்குச் சான்று. எண்ணெய் விலை ஏறினால் பாதுகாப்புக் கிடைக்கும் என்று வங்கிகளோடு ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன. 2008 ஜூலையில் டொயிச் வங்கியுடன் செய்த ஒப்பந்தத்தில், வங்கி மொத்தமாகச் செலுத்தக்கூடிய தொகைக்கு 25 இலட்சம் டொலர் உச்சவரம்பு இருந்தது. விலை வீழ்ந்தால் கூட்டுத்தாபனம் செலுத்தவேண்டிய தொகைக்கு அத்தகைய வரம்பு இல்லை. அதே மாதம் பீப்பாய் 147 டொலர் வரை சென்ற விலை, டிசம்பரில் 40 டொலருக்கும் கீழே வந்தது. கொடுப்பனவுகளை உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. டொயிச் வங்கி சர்வதேச நடுவர் மன்றுக்குச் சென்று, 2012 ஒக்டோபரில் 60 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட தொகையை இலங்கையிடமிருந்து பெறும் தீர்ப்பை வென்றது.

இதை ஒரு பயிற்சியாகச் செய்து பாருங்கள். விலை 140 டொலர், ஆண்டுத் தளம்பல் (விலை ஏறியிறங்கும் அளவு) 40 சதவீதம், சராசரியில் ஏற்றமும் இறக்கமும் இல்லை என்று கொண்டால், ஓராண்டின் முடிவில் அது 112 டொலருக்குக் கீழே இருப்பதற்கான நிகழ்தகவு மூன்றில் ஒன்றைச் சற்றுத் தாண்டும். சாதாரண மடக்கை இயல்பரவலும் (விலையின் மடக்கை இயல்பரவலில் அமையும் என்ற எடுகோள்) ஓர் அட்டவணையும் போதும். பத்து நிமிட வேலை. முற்கட்டணம் இல்லாத காப்பு என்றால், அதற்கான விலையாக நாம் வேறொரு ஒப்ஷனை விற்றிருக்கிறோம் என்றே பொருள். மேசையின் நமது பக்கத்தில் அதைக் கணித்துச் சொல்ல ஒருவர் இருந்தாரா என்ற கேள்வி எனக்கு இன்றும் உண்டு.

இப்போதும் தேவை குறையவில்லை. 2024 டிசம்பரில் கடன் மறுசீரமைப்பின்போது இலங்கை வெளியிட்ட முறிகளில் ஒரு பகுதியின் கொடுப்பனவு, 2025 முதல் 2027 வரையான மொத்த உள்நாட்டு உற்பத்தியின் டொலர்ப் பெறுமதியைப் பொறுத்து மாறும். பொருளாதார வளர்ச்சியும் நாணயமாற்று வீதமும் கலந்த ஓர் ஒப்ஷன் அதனுள் இருக்கிறது.

கன்னியா வெந்நீர் எழுதியது:

அக்சுவரி (காப்புறுதி இடரைக் கணிக்கும் நிபுணர்) வழியை எவரும் குறிப்பிடவில்லையே. 2016 முதல் இலங்கைக் காப்புறுதி நிறுவனங்கள் இடர் அடிப்படையிலான மூலதன விதிகளுக்கு உட்பட்டவை. அதனால் இந்தக் கணிதம் தெரிந்தவர்களுக்கு அங்கு நிலையான இடம் உண்டு. பிரித்தானிய அக்சுவரிகள் நிறுவகத்தின் பரீட்சைகளை வேலை செய்துகொண்டே ஒவ்வொன்றாக எழுதலாம். கட்டணம் பவுணில் என்பதால் கையைக் கடிக்கும். வருமானம் குறைந்தோருக்கான சலுகைக் கட்டணத்துக்கு விண்ணப்பியுங்கள். முழுத் தகுதி பெறப் பல ஆண்டுகள் செல்லும் என்பதை அறிந்தே இறங்குங்கள்.

சாம்பல்தீவான் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. எண்ணெய்க் கணக்கைச் செய்து பார்த்தேன், 0.36 வருகிறது. கணினி மொழியில் பைதன் போதுமா, சி பிளஸ் பிளஸ் அவசியமா?

உவர்மலைக்காரி எழுதியது:

வங்கிக்கும் காப்புறுதிக்கும் பைதனும் தரவுத்தள அறிவும் போதும். பங்குச் சந்தைகளுக்கான மென்பொருளில் நாட்டம் இருந்தால் சி பிளஸ் பிளஸ் படியுங்கள். லண்டன் பங்குச் சந்தை 2009இல் வாங்கிய மில்லெனியம் ஐ.டி. நம் நாட்டு நிறுவனந்தான். உங்கள் இறுதி ஆண்டுச் செயற்றிட்டத்துக்கு இன்னும் தலைப்பு முடிவாகவில்லையென்றால், மத்திய வங்கி வெளியிடும் வாராந்த உண்டியல் ஏல முடிவுகளையும் முறி ஏல முடிவுகளையும் 2019 முதல் திரட்டி, விளைவு வளைகோடு (காலவரைக்கு ஏற்ப விளைவு வீதம் மாறுவதைக் காட்டும் கோடு) ஒன்றை அமைத்து, அது 2022இல் எவ்வாறு வளைந்தது என்று காட்டுங்கள். நேர்முகத் தேர்வில் நானாக இருந்தால் சான்றிதழ்களுக்கு முன் அதைத்தான் கேட்பேன்.