ஆம்புலன்சுக்கு நம் வீடு ஏன் தெரிவதில்லை?

சாட்ஸ்வர்த்வாசி:
தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீடு. போன மாதம் நடுராத்திரி அப்பாவுக்கு மூச்சுத் திணறல். கைபேசியில் அவசர எண்ணை அழைத்தேன். எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊர்?" எங்கள் தெருவுக்கு முன்பு வெறும் எண், இப்போது பெயர். எண்ணைச் சொன்னேன், பெயரைச் சொன்னேன், கோயிலுக்குப் பின்னால் என்றேன். மூன்று தடவை எழுத்துக்கூட்டினேன். ஊபர் நேராக வாசலில் வந்து நிற்கிறது, இதற்கு மட்டும் ஏன் இந்தப் பாடு? (அப்பா இப்போது நலம். மீன்குழம்பு கேட்கிறார்.)

டவர்க்காரன்:
தம்பி, தரைவழித் தொலைபேசிக்கு முகவரி பதிவில் இருக்கும். கைபேசி என்றால் எந்த செல்போன் கோபுரம் வழியாக அழைப்பு வருகிறது என்பதுதான் தெரியும். அதைச் சுற்றி சில கிலோமீட்டர்கூட இருக்கலாம். ஊபருக்கு ஜிபிஎஸ் இடத்தை அனுப்புவது செயலி. சாதாரண அழைப்பில் போவது குரல் மட்டும்தான். இதற்குத்தான் ஏஎம்எல் (Advanced Mobile Location) என்ற முறை 2014இல் பிரிட்டனில் தொடங்கியது. அவசர எண்ணை அழுத்தியதும் போனே இருப்பிடத்தைக் கணித்துக் குறுஞ்செய்தியாக அனுப்பிவிடும். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உண்டு. ஆனால் அதை வாங்கிக் காட்டும் ஏற்பாடு கட்டுப்பாட்டு அறையில் இருக்க வேண்டுமே!

ஃபீனிக்ஸ் அக்கா:
லோட்ஷெட்டிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) நீண்டால் கோபுரத்து பேட்டரியே செத்துவிடுகிறது, அப்புறம் எந்த முறை வந்து என்ன? நான் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன்: ஆம்புலன்ஸ் 10177, போலீஸ் 10111, கைபேசியிலிருந்து 112. கீழே தெருவின் பழைய எண், புதுப் பெயர், கேட்டின் நிறம்.

சாட்ஸ்வர்த்வாசி:
சரி அக்கா, இன்றைக்கே ஒட்டுகிறேன். கேட்டுக்கு முதலில் பெயின்ட் அடிக்க வேண்டும், துருதான் தெரிகிறது.